முதல் குடத்து வாசம்

நான் ஓவர்சீயர் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம் என்னைப் போடிநாயக்கனூருக்கு மாற்றினார்கள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் மண்ணுக்கடியில் புதைத்த தண்ணீர்க் குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதிக்க வேண்டும். அதைக் கூட நின்று பார்ப்பது என் வேலை. முதலில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் உத்தரவாகியிருந்தது. வாடகை வீடும் அந்தத் தெருவிலேயே அமைந்தது. வேலை பார்க்கிற இடத்திலேயே குடியிருப்பது ரொம்ப சௌகரியம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தெருவின் தலைப்பில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் கிட்டங்கி இருந்தது. மலையிலிருந்து வந்து இறங்கும் காயை அங்கே சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டுவார்கள். அதைத் தாண்டி இரண்டு பக்கமும் வீடுகள். நடுவே நாலு தெருக்குழாய்கள். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும்.

நாங்கள் குடிவந்த மறுநாள் காலையில் என் மனைவி குடத்தோடு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மெல்லிய ஏலக்காய் வாசம். பாயசத்தில் வருகிற மாதிரி தூக்கலாக இல்லை. ஏலக்காய் டப்பாவைக் கழுவி வைத்த பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தது போல.

பக்கத்து வீட்டம்மா அவளிடம் விவரம் சொல்லியிருந்தார். ஊரில் வேறு எந்தத் தெருவிலும் இந்த வாசம் கிடையாது. கொட்டகுடி ஆறு ஏலத்தோட்டங்களுக்குள் புகுந்து வருகிறதல்லவா, அந்தத் தண்ணீர் நேராக இந்தத் தெருவுக்குத்தான் வருகிறது. மற்றத் தெருக்களுக்கும் அதே ஆற்றுத் தண்ணீர்தானே என்று என் மனைவி கேட்டதற்கு, அதற்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேண்டாமா என்று அந்தம்மா பதில் சொன்னாராம்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். வாசம் முதல் குடத்தில்தான் நன்றாக இருக்கும். ஐந்தாறு குடம் போனால் குறையும். ஒரு நாழிகை கழித்தால் சாதாரணத் தண்ணீர்தான். அதனால் முதல் குடத்துக்கு அந்தத் தெருவில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வீட்டில் விருந்தாளி இருந்தால் அவர்களுக்கு முதல் குடம். பெண் பார்க்க ஆள் வருகிற வீட்டுக்கு முதல் இரண்டு குடம். கல்யாண வீட்டுக்கு நாலு குழாயிலும் முதல் குடம். சிலமலையிலிருந்து ஒரு குடும்பம் இந்தத் தெருவில் பெண் கொடுத்ததற்குக் காரணமே மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்றைக்குக் குடித்த தண்ணீர்தான் என்று சொன்னார்கள். மாப்பிள்ளையைப் பற்றி யாரும் அதிகமாகச் சொல்லவில்லை.

குழாய்கள் ரயிலில் வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. அதற்குள் என் மனைவி முழுகாமல் இருந்தாள். மசக்கையில் எதைத் தின்றாலும் குமட்டியது. அந்த வாசத் தண்ணீர் ஒன்றுதான் உள்ளே தங்கியது. தெருப் பெண்கள் கூடிப் பேசி, பிள்ளை பிறக்கும் வரைக்கும் எங்கள் பக்கத்துக் குழாயின் முதல் குடம் அவளுக்கே என்று முடிவு செய்தார்கள். வெளியூர்க்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள்.

வேலை தொடங்கும் முன் தெருக்காரர்கள் கிட்டங்கி வாசலில் கூடினார்கள். கிட்டங்கி முதலாளிதான் தெருவுக்குப் பெரிய மனிதர். அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஏலக்காயை முகர்ந்து பார்த்து, எந்த எஸ்டேட், எந்தப் பறிப்பு என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, குழாய் மாத்தினா வாசம் போயிராதுல்ல?"

நான் படித்தவன். எல்லோர் முன்னாலும் விளக்கினேன். வாசம் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறது. குழாய் என்பது வெறும் வழி. வழியை மாற்றினால் வருகிற ஆள் மாறிவிடுவாரா? இன்னும் சொல்லப்போனால், பழைய குழாய்க்குள் துரு பிடித்துப் பாதிக்குமேல் அடைத்திருக்கிறது. புதுக் குழாயில் தண்ணீர் தாராளமாக வரும், வாசமும் தாராளமாக வரும். கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கவே வேண்டாம். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை மூன்று வாரம் நடந்தது. தெருவின் ஓரமாகப் புதுப் பள்ளம் வெட்டி, வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, இணைப்பில் சணல் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினோம். மதுரையிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தார். நாற்பது வயசுக்காரர், அளந்து பேசுகிற மனிதர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். பழைய குழாய் கிட்டங்கியின் பின்முற்றம் வழியாகப் போயிருந்தது. குழாய் பதித்த காலத்தில் அது வெட்ட வெளி. பிறகு கிட்டங்கியை இழுத்துக் கட்டியதில் குழாய் உள்ளே மாட்டிக்கொண்டது. நாங்கள் புதுக் குழாயை வெளியே தெருவோடு கொண்டுபோனோம். பழையதைத் தோண்டி எடுக்கிற வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

தண்ணீர் திறந்துவிடுகிற அன்று குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். முதல் குடம் ஓவர்சீயர் வீட்டுக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஏழு மாத வயிற்றோடு என் மனைவி குடத்தை வைத்தாள். தண்ணீர் கொட்டிய வேகத்தில் குடம் நகர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அவள் ஒரு டம்ளர் மொண்டு மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அது எனக்கு அதற்கு முன்னும் சில சமயம் கஷ்டமாக இருந்திருக்கிறது.

"வாசம் இல்லையே" என்றாள்.

டம்ளர் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தார். புதுக் குழாயில் தார் பூசியிருக்கிறார்கள், அதுதான் வாசத்தை அமுக்குகிறது, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வாரம் போனது, வாசம் வரவில்லை. தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பால்காரர் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வர ஆரம்பித்தார். பக்கத்து வீட்டம்மா என் மனைவியிடம், அவர் நல்லவர்தான், ஆனால் சின்ன வயசு என்றாராம். என் மனைவிக்கு மறுபடியும் குமட்டல் தொடங்கிவிட்டது. அதற்கும் நானே காரணம் ஆனேன்.

இரண்டாவது வாரம் ஒரு மனு வந்தது. தெருவுக்குச் சொந்தமான வாசத்தைக் குழாய் மாற்றும் வேலையின்போது காணாமல் போக்கியதாக எழுதி, எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மனுவை எழுதியவர் தெருவில் குடியிருந்த தமிழ் வாத்தியார். வாசத்தை அவர் நறுமணம் என்று எழுதியிருந்ததால், ஏதோ கோயில் நகை திருட்டுப்போன மாதிரி இருந்தது படிக்கும்போது.

வாத்தியார் கூடவே ஒரு சந்தேகத்தையும் கிளப்பினார். ஆற்றிலேயே வாசம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா? மேலே தோட்டங்களில் ஏலச் செடியை அழித்துவிட்டுக் காப்பி போட்டிருந்தால்? இது நியாயமாகப் பட்டது. மலையடிவாரத்தில் இருக்கிற குரங்கணிக்குப் போய் ஆற்றை முகர்ந்து பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

யார் போவது என்பதற்கே ஒரு நாள் ஆனது. மூக்குப்பொடி போடுகிறவர்கள் வேண்டாம் என்றார்கள். அதில் தெருவின் முக்கால்வாசி ஆண்கள் கழிந்து போனார்கள். சளி பிடித்தவர்கள் போக, மிச்சம் நின்றது முதலாளியும் வாத்தியாரும்தான். நான் அரசாங்கத்தின் சார்பில்.

முதலாளியின் ஜீப்பில் காலையில் கிளம்பினோம். குரங்கணியில் இறங்கி, அதற்கு மேல் நடந்து ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. வாத்தியார் கையில் அள்ளி முகர்ந்தார். கையில் அள்ளினால் கையின் வாசம்தான் வரும் என்று முதலாளி ஆட்சேபித்தார். அதனால் மூன்று பேரும் பாறையில் குப்புறப் படுத்து, ஓடுகிற தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே மூக்கை வைத்துக்கொண்டு இருந்தோம். முதலாளியின் வெள்ளைத் துண்டு தண்ணீரில் மிதந்தது. கொஞ்சம் மேலே போய் மறுபடியும் படுத்தோம். இப்படி நாலு இடத்தில்.

நாலாவது இடத்தில் தலையைத் தூக்கியபோது பாதையில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். நாலைந்து கழுதைகளின் முதுகில் ஏலக்காய்ப் பொதி ஏற்றிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். கழுதைகளும் நின்று எங்களைப் பார்த்தன.

"எந்தா, ஏதும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். மலையில் இருந்து இருந்து அவர் பேச்சில் மலையாளம் கலந்திருந்தது.

வாத்தியார் உண்மையைச் சொன்னார். ஆற்றில் ஏலக்காய் வாசம் வருகிறதா என்று பார்க்கிறோம் என்றார். அந்த ஆள் யோசித்தார். எங்கள் மேல் அவருக்கு இரக்கம் வந்ததை நான் பார்த்தேன். தண்ணீரில் அப்படி ஒன்றும் இருக்காது என்றும், இருந்தாலும் சவுக்கார வாசம் வரலாம், ஏனென்றால் இதற்குக் கொஞ்சம் மேலேதான் அவர்கள் எல்லோரும் குளிக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு, ஏலக்காய் வாசம்தான் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது என்று ஒரு மூட்டையைக் காட்டினார்.

முதலாளி எழுந்து போய் மூட்டையில் மூக்கை வைத்தார். கண்ணை மூடி எஸ்டேட்டின் பெயரைச் சொன்னார். அந்த ஆள் ஆமாம் என்றார். மூக்கில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் முதலாளிக்கு நிம்மதி. ஆனால் ஆற்றில் வாசம் இல்லை என்பதும் அதனாலேயே உறுதியாயிற்று.

மறுநாள்தான் நானும் ஃபிட்டரும் கிட்டங்கியின் பின்முற்றத்தில் பழைய குழாயைத் தோண்ட இறங்கினோம். அந்த இடத்தை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை. முற்றத்தின் நடுவில் ஒரு குழி. காயைச் சலித்த தூசி, தோல், மழையில் நனைந்து பூத்துப் போன காய் எல்லாவற்றையும் அதில்தான் கொட்டுவார்கள். சாக்கு அலசின தண்ணீர் அதில் போகும். காய் ஆய்கிற பெண்கள் கை கால் கழுவுவதும் அங்கேதான். குழியைச் சுற்றி முளை அடித்திருந்தது. மலையிலிருந்து பொதி கொண்டுவரும் கழுதைகளை இறக்கிக் கட்டுகிற இடம் அது. அன்றைக்கும் ஆறேழு நின்றுகொண்டிருந்தன.

குழாய் நேராகக் குழிக்கு அடியில் போனது. மூன்றடி தோண்டியதும் தெரிந்தது. ஆட்கள் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார்கள். ஒரு நீளக் குழாய் முழுசாக வரவில்லை, அப்பளம் மாதிரி மூன்றாக உடைந்து வந்தது. நடுத்துண்டின் மேல்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே பாதிக்குக் கறுப்புச் சேறு, அதில் ஏலக்காய்த் தோல் அடை அடையாக ஒட்டியிருந்தது.

அப்போது வாசம் வந்தது. அதே வாசம், சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே, வாசத்துக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்பதும் தெரிந்தது.

ஃபிட்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், தெருக்காரங்க தேடுற வாசம் இங்கன இருக்கு" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு மணிக்குத் தண்ணீரை நிறுத்தியதும் குழாய் காலியாகும். காலியான குழாய் சுற்றியிருக்கிற ஈரத்தை ஓட்டை வழியாக உள்ளே இழுக்கும். பகலும் ராத்திரியும் குழியில் ஊறியதெல்லாம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி நிற்கும். காலை ஐந்தரைக்குத் திறக்கிற தண்ணீர் அதை அப்படியே தள்ளிக்கொண்டு போய் முதல் குடத்தில் கொட்டும். அடுத்த குடத்தில் கொஞ்சம் குறையும். போகப் போகச் சுத்தமாகும். ஒரு தெருவே சண்டை போட்டுக்கொண்டு குடித்தது அழுக்கின் முதல் பங்கை. விருந்தாளிக்கு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு. நான் குழிக்குள் நின்றபடியே, என் மனைவி எத்தனை நாள் முதல் குடம் பிடித்தாள் என்று எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு கழுதை கால் அகட்டிக்கொண்டு தன் காரியத்தைப் பார்த்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. அவளே கேட்டாள். சொன்னேன். குழியைச் சொன்னேன், பூத்துப்போன காயைச் சொன்னேன், சாக்குத் தண்ணீரைச் சொன்னேன், கை கால் கழுவுவதையும் சொன்னேன். கழுதைகளை மட்டும் சொல்லவில்லை.

அவள் எழுந்து போய் வீட்டிலிருந்த எல்லாக் குடத்தையும் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வாங்கித் தேய்க்கப் போனேன், தரவில்லை. கடைசிக் குடத்தைக் கவிழ்த்த பிறகு தரையில் உட்கார்ந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

ஆகாது என்றேன். எனக்கு அது தெரியாது. உன் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, கால்கூட வீங்கவில்லையே என்றேன். அவள் கொஞ்சம் அழுதாள். பிறகு தெருக்காரர்களிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாள். நான் இழுத்தேன். ஏற்கெனவே வாசத்தைத் தொலைத்தவன் என்று பெயர். இப்போது போய், நீங்கள் இத்தனை வருஷம் குடித்தது சாக்கடை என்றால் யார் விடுவார்கள்? மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"நீங்க சொல்லலைன்னா நாளைக்குக் குழாயடியில நான் சொல்லிப்புடுவேன்" என்றாள்.

அதனால் சாயங்காலம் உடைந்த குழாய்த் துண்டை ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். தனியாகப் பேச வேண்டும் என்றேன். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. குனிந்து முகர்ந்தவர் நிமிரவே இல்லை. பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

தெருவில் முதல் வீடு அவருடையது. குழாயில் வருகிறது முதலில் அவர் வீட்டுப் பக்கத்துக்குத்தான் வரும். அவருடைய மகளை மதுரையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் பிள்ளை பெற்றபோது வாரா வாரம் ஒரு பித்தளைக் குடத்தில் முதல் தண்ணீர் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, ரயிலில் ஆள் போட்டு அனுப்பியிருக்கிறார். சம்பந்தி வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தம் மாதிரி வாங்கிக் குடித்தார்களாம். "எம் பேரனுக்கு வாயில வச்ச முதத் தண்ணி அது, தம்பி" என்றார்.

பிறகு, நல்ல காயாகப் பார்த்து, சுத்தமாக இடித்து, புதுக் குழாயில் எங்கேயாவது ஒரு சின்ன வழி வைத்து விட முடியுமா என்று கேட்டார். கேட்ட உடனே அவரே கையை ஆட்டி வேண்டாம் என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தெருவைக் கூட்டித் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் சொல்வதாகச் சொல்லிப் பார்த்தேன். குழி என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிட்டங்கி வாசலில் மொத்தத் தெருவும் இருந்தது. முதலாளி குழாய்த் துண்டை எல்லோர் முன்னாலும் வைத்தார். எதையும் மறைக்கவில்லை. குப்பைக் குழியைச் சொன்னார், சாக்குத் தண்ணீரைச் சொன்னார். கழுதைகளைச் சொன்னார். கழுதைகள் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் குழாய்த் துண்டைப் பார்த்தேன்.

"இத்தனை வருசமா எங் கிட்டங்கி அழுக்கத்தான் நீங்க குடிச்சிருக்கீங்க. என்னையப் பொறுத்துக்கங்க" என்று சொல்லி முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

கல் பறக்குமோ என்று நினைத்தேன். வாத்தியார் மெதுவாக எழுந்தார்.

முதலாளி தன்னடக்கத்தோடு பேசுகிறார் என்று வாத்தியார் ஆரம்பித்தார். வாசம் ஆற்றிலிருந்து வரவில்லை என்பதைத் தானே குரங்கணியில் மூக்கால் கண்டுகொண்டாராம். அப்படியானால் இத்தனை வருஷம் இந்தத் தெருவுக்கு ஏலக்காய் வாசம் கொடுத்தது யார்? முதலாளியின் காய். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக் கணக்கில், வெளியில் சொல்லாமல், யாரிடமும் ஒரு நன்றிகூட எதிர்பாராமல். ஊருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள்கூடப் பெயர் எழுதிப் போடுகிறார்கள். இவர் மண்ணுக்கடியில் செய்திருக்கிறார்.

கூட்டத்தில் ஒரு அசைவு. பலர் ஆமாம் என்றார்கள். முதலாளி, அப்படியில்லை, அது குப்பை, அதில் கழுதை என்று மறுபடியும் சொல்லப் பார்த்தார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்த கம்பவுண்டர் கூட்டத்தில் இருந்தார். அவராவது வாயைத் திறப்பார் என்று நம்பினேன். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவது அவருக்குத் தெரியும். அவர் எழுந்து, தன் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். ஊரின் மற்றப் பகுதிகளிலிருந்து மலச்சிக்கல் என்று எத்தனையோ பேர் வருகிறார்கள். இந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. அந்தத் தண்ணீரின் குணம் அது என்றார். கை தட்டினார்கள்.

யாரோ ஓடிப்போய் மாலை வாங்கி வந்துவிட்டார்கள். முதலாளி பின்வாங்கப் பின்வாங்கக் கழுத்தில் போட்டார்கள். அவர் அந்த மாலையோடு என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. தப்புச் செய்தவன் அகப்பட்டுக்கொள்ளத் தயாராக வந்து, அகப்படவே முடியாமல் போனால் முகம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். எத்தனை கழுதை? ஆறேழு இருக்கும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மசக்கையில் தனக்குப் பிடித்தது எது என்று அம்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியது ஞாபகம் வந்ததாம். அம்மா அந்தக் கடிதத்தை ஊர் முழுக்கப் படித்துக் காட்டியிருப்பாள் என்றாள். நானும் சிரித்தேன்.

முதலாளி அந்த வாரமே குழியை மூடிவிட்டார். கழுதைகளை ஊருக்கு வெளியே கட்ட ஏற்பாடு செய்தார். தெருக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஏதோ கோபத்தில் நிறுத்திவிட்டார், நாம்தான் முன்னாலேயே மரியாதை செய்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் அதற்குப் பிறகு காய்ச்சின தண்ணீர்தான் குடித்தார். மதுரைக்குக் குடம் போவது நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டில் கேட்டு எழுதினார்களாம், அவர் பதில் போடவில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தது, நல்ல எடையோடு, நல்ல குரலோடு. பிறந்த செய்தி தெரிந்ததும் முதலாளி நேரில் வந்து, பிள்ளையைத் தூக்கக்கூட இல்லை, கையையும் காலையும் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார். அந்த வருஷ மழைக்காலத்தில் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. வராத வியாதியை யார் கவனிக்கிறார்கள்? நான் ஒருவரிடம் சொன்னேன். அது இந்த வருஷம் மாங்காய் வரத்துக் குறைவு, அதனால் என்றார்.

இதற்கிடையில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மனு வந்து சேர்ந்தது. தங்கள் தெருக் குழாயையும் மாற்றப் போவதாகக் கேள்விப்படுவதாகவும், அவ்வாறு மாற்றும்போது புதுக் குழாயை மேற்படி கிட்டங்கியின் பின்முற்றம் வழியாகக் கொண்டுவர ஆவன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஒரு தெருவுக்கு மட்டும் இத்தனை வருஷம் கிடைத்த சலுகை மற்றவர்களுக்கும் கிடைப்பதுதான் சுதந்திர நாட்டில் நியாயம் என்று ஒரு வரி.

நான் இயலாது என்று எழுதி மேலே அனுப்பினேன். காரணம் போதவில்லை என்று திரும்பி வந்தது. காரணத்தை விரிவாக, குழி, ஓட்டை, கழுதை என்று எதையும் விடாமல் எழுதி அனுப்பினேன். அது ஒரு மாதம் எங்கேயோ சுற்றிவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்போடு வந்தது. கழுதைகளின் எண்ணிக்கையில் ஆறு என்றும் ஏழு என்றும் இருவிதமாகக் காணப்படுகிறது, எது சரி எனத் தெரிவிக்கவும்.

அதற்கு நான் பதில் எழுதும் முன் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. என் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார், புதிதாகக் கல்யாணமானவர். கோப்பை அவர் கையில் கொடுத்தேன். ஒரு எழுத்து விடாமல், என் விளக்கம் முழுவதையும் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்துவிட்டு, அந்தத் தெருவில் வீடு ஏதாவது காலியாக இருக்கிறதா சார் என்று கேட்டார். எங்கள் வீடு காலியாகப் போகிறது என்றேன். அன்றைக்கே வந்து பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.